இந்தக் கொப்பரை இறங்கட்டும்

பழிவாங்குவது நல்லதல்ல என்று பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோர் வீட்டிலும் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும்.

நான் மனு தட்டச்சு செய்கிறவள். காஞ்சிபுரத்தில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ப்புறம் வரிசையாக இருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் ஒன்றில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் என்னுடையவை. திங்கட்கிழமை குறைதீர் நாள். காலை எட்டு மணிக்கே ஜனங்கள் வந்துவிடுவார்கள். பட்டா, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு, பாதையை மறித்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரன். அவர்கள் அழுதுகொண்டு சொல்வதை நான் அழுகை இல்லாமல் எழுதித் தர வேண்டும். "பெருமதிப்பிற்குரிய" என்று தொடங்கி "பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடிக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எங்கே உட்கார்ந்து தூங்கும், யார் அதைத் தட்டி எழுப்புவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இந்தப் படிப்பை நான் ஒரே ஒரு மனிதருக்காகத்தான் படித்தேன் என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம். ஆனால் அது உண்மைக்கு ரொம்பத் தூரமில்லை.

எங்கள் தெரு செவிலிமேட்டுக்குப் போகிற வழியில், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு சந்து. எங்கள் தாத்தாக்கள் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இப்போது எங்கள் தெருவில் எலக்ட்ரீஷியன் இருக்கிறார், விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஏறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், பெரியாஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், மனு தட்டச்சு செய்கிற நான் இருக்கிறேன். எல்லோர் வீட்டிலும் டிவி இருக்கிறது. தண்ணீர்தான் இல்லாமல் இருந்தது.

பாலாற்றுத் தண்ணீர் வரும் குழாய் பெரிய சாலை வழியாக வந்து, எங்கள் சந்துக்குள் திரும்பி, தெரு முனையில் ஒரு பொதுக் குழாயில் முடிகிறது. அப்படித்தான் வரைபடத்தில் இருக்கிறது. எங்கள் சந்துக்குத் திரும்புவதற்குச் சற்று முன்னால் ஒரு சாயப்பட்டறை. பட்டு நூலை வேகவைத்துப் பசை எடுத்து, சாயம் ஏற்றி, அலசிக் காயப்போடுகிற இடம். பட்டறையை ஒட்டி முதலாளியின் மாடி வீடு. ஊருக்குள்ளே, பெரிய காஞ்சிபுரத்தில், அவருக்கு ஒரு பட்டுக்கடையும் உண்டு. பட்டறைக்காரர் பூமிக்கு அடியில் மெயின் குழாயிலேயே ஒரு மோட்டாரைச் செருகியிருந்தார். காலையில் தண்ணீர் விடுகிற ஒரு மணி நேரமும் அந்த மோட்டார் ஓடும். எங்கள் பொதுக் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வரும். காற்றையும் நாங்கள் கொஞ்ச நேரம் நம்பிக்கையோடு பிடித்துக்கொண்டிருப்போம், பின்னாலேயே தண்ணீர் வந்துவிடும் என்று. எப்போதாவது சொட்டும். மற்றபடி மூன்று நாளுக்கு ஒரு முறை லாரி. லாரி வராத வாரங்களும் உண்டு.

இதில் ரசிக்கத்தக்க விஷயம், என் அம்மா அந்தப் பட்டறையில்தான் வேலை பார்த்தாள். கோலில் மாட்டிய நூல் கழிகளைக் கொதிக்கும் சாயக் கொப்பரையில் முக்கித் திருப்பிக்கொண்டே இருப்பது, பிறகு தொட்டியில் அலசுவது. நாள் முழுக்க முழங்கை வரைக்கும் தண்ணீர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவ ஒரு சொம்பு தேடுவாள். பட்டறையிலிருந்து ஒரு குடம் எடுத்துவரக் கூடாதா என்று சின்ன வயதில் கேட்டேன். உள்ளே இருக்கிற எதுவும் கேட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்பது முதலாளியின் சட்டமாம். நூல் திருட்டுக்காகப் போட்ட சட்டம். தண்ணீருக்கும் சேர்த்து வைத்துக்கொண்டார்.

அவரைக் கெட்டவர் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். வைகாசியில் கருட சேவை நடக்கும்போது, பெருமாள் வருகிற வழியில் அவர் கடை பெயரில் தண்ணீர்ப் பந்தல் போடுவார். நீர்மோர், பானகம், ஐஸ் போட்ட தண்ணீர். கைகூப்பிச் சிரிக்கிற அவர் படம் பந்தலுக்கு மேலே ஆள் உயரத்துக்குத் தொங்கும். வெளியூர்க்காரர்கள் வயிறு நிறையக் குடித்துவிட்டு அவரை வாழ்த்திவிட்டுப் போவார்கள். அந்தப் பந்தலில் நானும் ஒரு தடவை வரிசையில் நின்று குடித்திருக்கிறேன். குடிக்காமல் வந்திருக்க வேண்டும் என்று இன்னமும் தோன்றுகிறது.

என் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்போது ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலில் உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. தெருவில் இருந்த பெண்கள் அவரைப் படுக்கவைத்தார்கள். அம்மா பட்டறையில் இருந்தாள். நான் ஓடினேன்.

கேட்டுக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் புகையும் ஆவியும். அம்மா கொப்பரை முன்னால் நின்று கோலைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் சத்தமாகத்தான் சொன்னேன், அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று.

"அப்பா பூட்டாரு முதலாளி. அம்மாவ அனுப்புங்க. குளிப்பாட்டத் தண்ணியும் கொஞ்சம் வேணும், வூட்ல சொட்டு கூட இல்ல."

அவர் அடப்பாவமே என்றார். உண்மையாகவே வருத்தப்பட்ட முகம்தான். பிறகு திரும்பிக் கொப்பரையைப் பார்த்தார்.

"இந்தக் கொப்பரை எறங்கட்டும்மா. நடுவுல வுட்டா நூல்ல திட்டு வுழுந்துடும். அப்புறம் ரெண்டும் பாத்துக்கலாம்."

ரெண்டும் என்றால், என் அம்மாவும் தண்ணீரும்.

பட்டு அப்படித்தான். சாயத்தில் இறக்கிவிட்டால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் ஒரு பக்கம் ஆழமாகவும் ஒரு பக்கம் வெளுப்பாகவும் சாயம் பிடிக்கும். அது பட்டறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அம்மா என்னைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தது. ஆனால் கை நிற்கவில்லை. திருப்பினாள், முக்கினாள், மறுபடியும் திருப்பினாள். அவள் இடத்தில் நிற்க வேறு ஒரு ஆளைக் கூப்பிடலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. கோலைப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று அம்மாவுக்கும் தோன்றவில்லை. முதலாளியை நான் எவ்வளவு வெறுத்தேனோ அதில் ஒரு பங்கு வெறுப்பு அன்றைக்கு அம்மா மேலும் வந்தது. அதை அவளிடம் நான் சொன்னதில்லை.

அம்மா வீடு வந்து சேரும்போது பதினொன்றரை தாண்டிவிட்டது. வெறுங்கையோடு வந்தாள். லைனில் தண்ணீர் நின்றுபோய்விட்டதாம், தொட்டியில் இருப்பது அடுத்த கொப்பரைக்கு வேண்டுமாம். அப்பாவைக் கேன் தண்ணீரில் குளிப்பாட்டினோம். கடையில் விற்கிற இருபது லிட்டர் கேன். மூடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் வரவில்லை, நான் பல்லால் கடித்துப் பிய்த்தேன். கேனைச் சாய்த்தால் அது குபுக் குபுக்கென்று விக்கி விக்கித்தான் ஊற்றும். அந்தச் சத்தத்தில் அப்பாவின் தலை நனைந்தது.

அன்றைக்குக் கொப்பரையில் இருந்தது மாம்பழ மஞ்சள். அம்மாவின் இரண்டு கையும் முழங்கை வரை மஞ்சள். புருஷன் செத்த வீட்டில் மஞ்சள் பூசியவள் போல உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரப் பெண்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழத்தை வெட்டிக்கொண்டு வந்து தேய்த்தாள், சோப்புப் போட்டாள். போகவில்லை. முதலாளியின் சாயம் நல்ல சாயம். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் அது அம்மா கையில் இருந்தது.

நான் அந்த மாதமே முதல் மனுவைப் போட்டேன். அப்போது எனக்கு மனு எழுதத் தெரியாது. அழுது எழுதியிருந்தேன். அது எங்கே போனது என்றே தெரியவில்லை. ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். வருஷங்கள் போயின. கல்யாணம் ஆனது. புருஷனிடம் நான் போட்ட ஒரே நிபந்தனை இந்தத் தெருவிலேயே இருக்க வேண்டும் என்பதுதான். நல்ல மனிதர், ஏன் என்று கேட்கவில்லை. செவிலிமேட்டில் புது வீடுகள் வாடகைக்குக் கிடைத்தன, மாடியில் டேங்க் வைத்த வீடுகள். நான் போகவில்லை. போய்விட்டால் கோபம் ஆறிவிடும் என்று பயந்தேன்.

இரண்டாவது மனு ஒழுங்காக எழுதப்பட்டது. அனுமதியில்லாத மோட்டார், மெயின் குழாயில் இணைப்பு, குடிநீரைத் தொழிலுக்குப் பயன்படுத்துதல். தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். அம்மா மட்டும் போட மறுத்தாள்.

"உனக்குப் பழி வாங்கணும், எனக்கு சோறு வேணும். பட்டறைய மூடிட்டான்னா இன்னா பண்ணுவே?"

அவள் சொன்னதில் தப்பில்லை. இருந்தாலும் மனுவைக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அழகான பதில். ஆய்வு செய்ததில் மேற்படி பட்டறையில் சொந்த ஆழ்துளைக் கிணற்று நீர் மட்டுமே பயன்படுத்தப்படுவதாகத் தெரியவருகிறது, உரிமையாளரும் அவ்வாறே எழுத்துமூலம் உறுதியளித்துள்ளார், எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது. ஆய்வுக்கு வந்தவர் பட்டறை நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போனதை அம்மாவே பார்த்திருக்கிறாள். நான் அந்தப் பதிலைக் கிழிக்கவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்தேன். எழுத்துமூலம் உறுதியளித்துள்ளார் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு ஆள் கையெழுத்துப் போட்டுச் சொன்ன பொய் என்றைக்காவது உதவும் என்பதைத் திங்கட்கிழமைகள் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தன.

உதவியது. அதற்கு வழி செய்தவர் முதலாளியேதான்.

இந்த ஊர்ப் பட்டுக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஜரிகையில் எவ்வளவு வெள்ளி என்று கேட்டால் சுற்றி வளைத்துப் பேசுவார்கள். கரையையும் உடலையும் தனித்தனியாக நெய்து கோத்த கோர்வைதானா என்றால் தெய்வத்தின் மேல் சத்தியம் செய்வார்கள். ஆனால் தண்ணீர் என்று வந்துவிட்டால் பெருமை நாக்கில் நிற்காது. காஞ்சிப் பட்டு மின்னுவதற்குப் பாலாற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று அப்பன் பாட்டன் காலத்திலிருந்து சொல்லிச் சொல்லி, உப்புத் தண்ணீரில் சாயம் போட்டேன் என்று ஒத்துக்கொள்வதைவிட உயிரை விடலாம் என்று ஆகிவிட்டது. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் அவ்வளவும் உப்பு. குளித்தால் தலைமுடி கயிறாகிவிடும்.

பட்டுச் சேலைகளைப் படம்பிடித்து யூடியூபில் போடுகிற ஒரு சென்னைப் பெண் அவர் கடைக்கு வந்தாள். கடையைக் காட்டிவிட்டு, பட்டறையையும் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறாள். என் புருஷன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அதைக் காட்டினார், நம்ம தெருப் பட்டறை வந்திருக்கிறது பார் என்று. முதலாளி வேட்டி மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியின் முன்னால் நிற்கிறார். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, விரல்களுக்கு நடுவே வழியவிட்டுக் காட்டுகிறார்.

"இத பாருங்கம்மா, பாலாத்துத் தண்ணி. போர் தண்ணி ஒரு சொட்டு சேக்க மாட்டோம். போர் தண்ணில போட்டா பட்டு செத்துடும். நாப்பது வருஷமா இதான் நம்ம ரகசியம்."

நான் அந்த இடத்தை எத்தனை தடவை ஓடவிட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. புருஷன் பயந்துபோய் போனை வாங்கி வைத்துக்கொண்டார். நான் சிரித்துக்கொண்டிருந்தேனாம்.

மூன்றாவது மனுதான் நான் எழுதியதிலேயே சிறியது. பழைய பதிலின் நகலை இணைத்தேன். வீடியோவில் அவர் பேசியதை ஒரு எழுத்து விடாமல் தட்டச்சு செய்து இணைத்தேன், எத்தனையாவது நிமிடம் என்று குறித்து. எங்கள் பகுதிக்குப் பாலாற்றுத் தண்ணீர் வர ஒரே ஒரு குழாய்தான் இருக்கிறது என்பதைச் சொன்னேன். கடைசியில், இந்த இரண்டில் ஒன்று பொய், எது பொய் என்று தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்தேன். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய கை எது என்பதும் இப்போது எனக்குத் தெரியும். புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஒரு பெண் பொறியாளர். மோர் குடிக்கிற வழக்கம் இல்லாதவர். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இதை யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

தோண்ட வந்த அன்றைக்கு நான் கடைக்கு லீவு போட்டேன். பட்டறை வாசலில் சாலையை வெட்டினார்கள். முதலில் மண், பிறகு பழைய செங்கல், அதற்குக் கீழே மெயினிலிருந்து பிரிந்து பட்டறைக்குள் போகும் குழாய், என் கை பருமன். எங்கள் தெருவே அங்கே வந்து நின்றது. முதலாளி யார் யாருக்கோ போன் செய்தார். நிலைமை கைமீறிவிட்டது என்று தெரிந்ததும் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றுகொண்டார். அவர் வீட்டு இணைப்பும் அதே குழாயிலிருந்துதான் போயிருந்தது, அதையும் சேர்த்து அடைத்தார்கள். மறு இணைப்பு வேண்டுமென்றால் அபராதம் கட்டி மனுப் போட வேண்டும். அந்த மனு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்று எனக்குத் தெரியும். தட்டி எழுப்பும் வழியும் தெரியும். அவர் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. கொஞ்சம் கூடக் கூச்சம் இல்லாமல் சொல்கிறேன்.

ஆனால் பட்டறையில் பாதி வேலை நின்றது. லாரித் தண்ணீர் வாங்கிக் கொஞ்சமாகச் சாயம் போட்டார்கள். முதலில் நிறுத்தப்பட்டவர்களில் அம்மாவும் ஒருத்தி. அவள் என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. எங்கள் பொதுக் குழாயில் முதல் முதலாகத் தண்ணீர் வந்த காலையில், காற்று சீறி, குழாய் இருமி, பழுப்பாக விழுந்து, பிறகு தெளிந்து, விரல் தடிமனுக்கு விழுந்துகொண்டே இருந்தபோது, தெருவே கத்தியது. அம்மா கத்தவில்லை. குழாய்க்குக் கீழே கையை நீட்டி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு குடத்தை வைத்தாள். இப்போது அவள் வேறொருவருக்கு வீட்டிலேயே நூல் இழைத்துக் கொடுக்கிறாள். வருமானம் குறைவுதான். அந்தப் பாவம் என் கணக்கில்தான் இருக்கிறது, மறுக்கவில்லை.

குழாயடியில் ஒழுங்கு வைப்பது என் பொறுப்பு. தண்ணீர் வருவது ஆறரைக்கு. அதற்கு முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும். ஆள் நிற்க வேண்டாம், குடம் நின்றால் போதும். குடம் இல்லாதவர்கள் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவார்கள், செங்கல்லுக்கும் அதே மரியாதை. ஒரு சுற்றுக்கு வீட்டுக்கு இரண்டு குடம். நர்ஸாக இருந்தாலும் சரி, என் சொந்த அம்மாவாக இருந்தாலும் சரி.

இந்த வருஷம் வைகாசியில் கருட சேவைக்கு மறுநாள் காலை, முதலாளி எங்கள் சந்துக்குள் வந்தார். என் நினைவில் அதுதான் முதல் முறை. ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் ஒரு காலிக் கேன். நீல நிறம், இருபது லிட்டர்.

நடந்தது இதுதான். இணைப்பு அடைத்த நாளிலிருந்து அவர் வீட்டில் கேன் தண்ணீர்தான். திருவிழாவுக்கு எப்போதும்போல் தண்ணீர்ப் பந்தல் போட்டிருக்கிறார். கூட்டம் அதிகம், வெயிலும் அதிகம். பந்தலில் தண்ணீர் தீர்ந்துபோய், தன் படத்துக்குக் கீழே காலிப் பானை இருப்பதா என்று, வீட்டில் வைத்திருந்த கேன்களையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ஊரில் இருந்த கேன்களையெல்லாம் மற்றப் பந்தல்காரர்கள் வாங்கிவிட்டார்கள். கூட்டத்துக்காகச் சாலைகளை அடைத்திருந்ததால் கேன் ஆட்டோ வரவில்லை. பட்டறைக்கு விடுமுறை, அனுப்ப ஆள் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். வீட்டம்மாவுக்கு முட்டி வலி. ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துவிட்டு, காபி போடத் தண்ணீர் இல்லாமல் வந்து நின்றார்.

அவருக்குக் குழாயடி வழக்கம் தெரியவில்லை. கேனை நேராகக் குழாய்க்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். நான் அதை எடுத்து வரிசையின் கடைசியில், ஒரு செங்கல்லுக்குப் பின்னால் வைத்தேன்.

"ஒரு கேன் மட்டும் வுட்டுடும்மா. வூட்ல குடிக்கக் கூட இல்ல."

"இந்த வரிசை முடியட்டும் முதலாளி. அப்புறம் பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தேன்! அவர் சரிம்மா என்று தலையாட்டினார். அவ்வளவுதான். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. அவருக்கு நினைவே இல்லை.

எங்கள் அப்பா செத்த அன்றைக்கு நீங்கள் கேட்டில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்ன வார்த்தை இது என்று சொன்னேன். குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டு வந்தேன் என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கி நேர்மையாகவே யோசித்தார்.

"எந்த வருஷம்மா? அப்பல்லாம் தெனம் யாராச்சும் வந்து கேட்டுக்கினுதான் இருப்பாங்க."

வரிசையில் முதல் குடம் வைத்திருந்த பெண், தெருக்கோடி வீட்டுக்காரி, குடம் நிறைகிற நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தாள். நானும் வந்தேன் முதலாளி என்றாள். பெரியாஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வந்த மூன்றாம் நாள், பச்சை உடம்பு, துணி அலச ஒரு வாளி கேட்டேன், சாயம் ஏறுகிற நேரம் போய்விட்டு வா என்றீர்கள். சத்தம் போடவில்லை. ரேஷன் கடையில் என்ன போடுகிறார்கள் என்று சொல்கிற குரலில் சொன்னாள். அவள் குடத்தை எடுத்ததும் அடுத்தவள் வைத்தாள். அவள் பெண் வயதுக்கு வந்த அன்றைக்குத் தலைக்கு ஊற்றக் கேட்டுப் போயிருக்கிறாள். அன்றைக்கு என்ன கலர் கொப்பரை என்பது கூட அவளுக்கு நினைவிருந்தது, அரக்கு. அதற்கடுத்தவள் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். போகும்போது நின்று, என் மாமியார் பேதியில கெடந்தாங்க, நாலு தடவ வந்தேன் என்று மட்டும் சொன்னாள். நர்ஸ் சொன்னாள். எலக்ட்ரீஷியன் பெண்டாட்டி சொன்னாள். காலில் கண்ணாடி குத்தி ரத்தத்தோடு போய் நின்ற கதையை ஒருத்தி சேலையைத் தூக்கித் தழும்பைக் காட்டிச் சொன்னாள். யாரும் முன்பே பேசிவைக்கவில்லை. ஒரு குடம் நிறைய என்ன நேரம் ஆகுமோ அந்த நேரத்துக்குள் ஒவ்வொருத்தியும் சொல்லி முடித்தாள்.

அவர் போய்விடலாம். யாரும் பிடித்து வைக்கவில்லை. இரண்டு தடவை ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தார், கேனைப் பார்த்தார், மறுபடியும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கேன் நகர நகர அவரும் நகர்ந்தார். வெயில் ஏறியது.

அவருக்கு முன்னால் இருந்த செங்கல் அம்மாவுடையது. அம்மா குடத்தோடு வந்து செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள். தண்ணீர் பிடித்தாள். முதல் குடம் நிறைந்தது. அவள் பேச மாட்டாள் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது குடத்தை வைத்துவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நா உள்ளதான் இருந்தேன் முதலாளி. எம் பொண்ணு சொன்னது காதுல வுழுந்துது. மாம்பழக் கலரு. ஒரு திட்டு வுழாம எடுத்துக் குடுத்தேன்."

அவர் அம்மாவின் கைகளைப் பார்த்தார். எதற்கு என்று தெரியவில்லை. அந்த மஞ்சள் போய் எவ்வளவோ வருஷமாகிவிட்டது. அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

அவர் முறை வந்தது. குழாயில் இன்னும் தண்ணீர் இருந்தது. நான் கேனை வைத்து வாய் வரைக்கும் பிடித்தேன். ஒரு சொட்டுக் குறைக்கவில்லை. மூடியையும் நானே அழுத்தி மூடினேன். அவர் அதைத் தூக்கி ஸ்கூட்டரில் வைக்கக் கஷ்டப்பட்டார். யாரும் கைகொடுக்கவில்லை. எனக்கும் கை நீளவில்லை. அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

மறுநாளும் திருவிழாக் கூட்டம் குறையவில்லை, சாலைகள் திறக்கவில்லை, கேன் ஆட்டோ வரவில்லை. ஆறரைக்கு முன்பே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. இந்தத் தடவை அவர் யாரையும் கேட்கவில்லை. வரிசையின் கடைசிக்குப் போய், கேனை வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டார். தெருக்கோடி வீட்டுக்காரி தன் குடத்தைக் குழாயடியில் வைத்தாள். தண்ணீர் வந்தது, அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் முதலிலிருந்து தொடங்கினோம்.